முதலில் காக்கையை எடு!

இன்று காலை உன் வீட்டு மதிலில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து உன்னைப் பார்த்தது.

நீ அதைப் பார்க்கவில்லை. கைப்பேசியில் யாரோ எடுத்த புலியைப் பார்த்துக்கொண்டிருந்தாய்!

பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாய். "எனக்கும் இப்படி ஒரு லென்ஸ் இருந்தால்..." என்றாய். "காட்டுக்குப் போக வசதி இருந்தால்..." என்றாய். "நேரம் இருந்தால்..." என்றாய்.

இருந்தால், இருந்தால், இருந்தால்! இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டாய்?

புலி உன் வாசலுக்கு வராது. காக்கை வந்தது. வந்ததை ஏன் விட்டாய்?

"காக்கையா? அதைப் போய் யாராவது படம் எடுப்பார்களா?"

சரி, எடுத்துக் காட்டு! சவால் விடுகிறேன். ஒரே ஒரு நல்ல காக்கைப் படம் போதும்.

கண் தெரிய வேண்டும். கண்ணுக்குள் ஒரு வெளிச்சப் பொட்டு தெரிய வேண்டும். கழுத்துச் சாம்பல் எங்கே முடிகிறது, முதுகுக் கருப்பு எங்கே தொடங்குகிறது என்று தெரிய வேண்டும். அந்தக் கருப்புக்குள் ஒளிந்திருக்கும் நீலப் பளபளப்பும் தெரிய வேண்டும்.

முடியுமா உன்னால்?

பத்துப் படம் எடு. பத்திலும் கரிக்கட்டைதான் விழும். பின்னால் வெளுத்த வானம், முன்னால் கண்ணில்லாத ஒரு கருப்பு உருவம். கேமரா வானத்தின் வெளிச்சத்தில் ஏமாந்து காக்கையை இருட்டில் தள்ளியிருக்கும்.

குறை காக்கையிடமா? விலை குறைந்த லென்ஸிடமா? வெயில் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் நின்றாயே, அங்கே இருக்கிறது குறை!

வெயிலை முதுகுக்குப் பின்னால் வை. உச்சி வெயிலை விடு. காலை ஏழு மணிச் சாய்வெயிலுக்கு வா. மதில் உயரத்துக்கு உன் கண்ணைக் கொண்டு போ. பின்னணியில் வானம் இருந்தால் வெளிச்சத்தை ஒரு படி கூட்டு. நாளை வெள்ளைக் கொக்கு வந்தால் ஒரு படி குறைத்துக்கொள், இல்லாவிட்டால் இறகெல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும்.

இதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்காதே. காக்கை கற்றுக்கொடுக்கும். தினமும் வந்து, இலவசமாக!

நீ சோறு வைக்கும் நேரம் அதற்குத் தெரியும். அது வரும் நேரம் உனக்குத் தெரியுமா?

மா. கிருஷ்ணனைத் தெரியுமா உனக்கு? நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். சென்னையில் வாழ்ந்தவர். 1950-இல் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கையைப் பற்றி ஒரு பத்தி தொடங்கினார். 1996 பிப்ரவரியில் கண்ணை மூடும்வரை அதை எழுதினார்.

46 ஆண்டுகள்! ஒரே பத்தி!

அத்தனை ஆண்டும் யானையும் புலியுமாகவே எழுதித் தள்ளினார் என்று நினைக்கிறாயா? காட்டுக்குப் போனார்தான். யானைகளைப் படம் பிடித்தார்தான். ஆனால் காக்கையையும் எழுதினார். அணிலை எழுதினார். தெருவிலும் தோட்டத்திலும் கூரையிலும் கண்ணில் பட்ட எளிய உயிர்களையெல்லாம் எழுதினார். அவருக்குச் சின்ன உயிர் என்று ஒன்று இல்லை.

அவர் கேமராவைப் பற்றியும் சொல்கிறேன், கேட்டுக்கொள். வெவ்வேறு பாகங்களைக் கோத்துத் தானே ஒப்பேற்றிக்கொண்ட கனத்த கருவி அது. படங்கள் கறுப்பு வெள்ளை.

தானாக ஃபோகஸ் பிடித்துக் கொடுக்கிற கருவியை வைத்துக்கொண்டு நீ அழுகிறாய்!

சாதாரண ஃபிலிம் சுருளில் 36 முறைதான் அழுத்தலாம் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. எடுத்தது விழுந்ததா இல்லையா என்று கழுவிப் பார்த்தால்தான் தெரியும். உன் கையில் இருக்கும் சின்ன அட்டையில் ஆயிரம் படம் அடங்கும். தவறினால் அந்த நொடியே தெரியும். தவறு செய்வதற்கு இவ்வளவு மலிவான காலம் இதற்குமுன் வந்ததே இல்லை!

பிறகு ஏன் தவறு செய்ய இவ்வளவு பயம்?

கேமராவே இல்லையா? கைப்பேசி இருக்கிறதல்லவா! மொட்டைமாடியில் ஒரு மண்சட்டியை வை. இரண்டு விரல்கடை ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்று. தினமும் மாற்று. கைப்பேசியைச் செங்கல்லில் சாய்த்து வைத்து, வீடியோவை ஓடவிட்டு, நீ கதவுக்குப் பின்னால் போ.

முதல் நாள் ஒன்றும் வராது. நாலாம் நாளும் வராமல் போகலாம். ஏதோ ஒரு மத்தியானம் சின்னான் வரும், மைனா வரும். ஏழெட்டுத் தவிட்டுக்குருவிகள் கூச்சல் போட்டுக்கொண்டு குடும்பத்தோடு குளிக்க வரும். வந்ததும் உன் சட்டி காலி!

"காத்திருக்கப் பொறுமை இல்லை" என்கிறாயா?

காத்திருப்பது என்றால் என்னவென்று நினைத்தாய்? கன்னத்தில் கை வைத்துக்கொண்டு குந்தியிருப்பதா?

கண்மாய்க் கரையில் குருட்டுக் கொக்கைப் பார்த்திருப்பாய். மண் நிறத்தில், கழுத்தை இழுத்துக்கொண்டு, பக்கத்தில் போனாலும் அசையாமல் நிற்கும். அதற்குக் கண் தெரியாது என்று ஊரே முடிவுகட்டிப் பெயரும் வைத்துவிட்டது.

கண் தெரியாதா அதற்கு? கலங்கல் தண்ணீரில் நெளியும் குஞ்சு மீனை அளந்து கொத்துகிற கண் அது!

கொக்கைப்போல் காத்திரு என்று வள்ளுவர் சொன்னதை மேடைக்கு மேடை கேட்கிறோம். அதே குறளின் அடுத்த பாதியில், நேரம் வந்தால் கொக்கைப்போல் குத்து என்றும் சொல்லியிருக்கிறார். நமக்கு முதல் பாதி மட்டும் சௌகரியமாகப் போய்விட்டது. காத்திருக்கிறேன் காத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே குறட்டை விடுகிறோம்!

அந்தக் கொக்கு சிறகை விரித்த நொடியில் பால் வெள்ளையாகிவிடும். மண்ணாங்கட்டி பூவாக மலர்ந்ததுபோல் இருக்கும். அந்த நொடிக்கு உன் கேமரா தயாரா? ஷட்டர் 1/2000-இல் நிற்கிறதா? விரல் பொத்தான்மேல் இருக்கிறதா? அல்லது அப்போதுதான் பையின் ஜிப்பைத் திறக்கிறாயா?

மின்கம்பியில் பச்சைப் பஞ்சுருட்டானைப் பார். விருட்டென்று பறக்கும், காற்றிலேயே பூச்சியைக் கவ்வும். பிடித்துக்கொண்டு எங்கே போகும்? பெரும்பாலும் கிளம்பிய இடத்துக்கே திரும்பும்! பிடித்தது தேனீயானால் கம்பியில் அடித்துத் தேய்த்துக் கொடுக்கை எடுத்துவிட்டுத்தான் விழுங்கும்.

இது தெரிந்தவன் அதைத் துரத்தமாட்டான். அது திரும்பி வரும் இடத்தில் ஃபோகஸை நிறுத்திவிட்டு உட்காருவான். தெரியாதவன் கம்பிக்குக் கம்பி ஓடுவான்.

நீ எத்தனை நாளாக ஓடிக்கொண்டிருக்கிறாய்?

செம்பருத்தியில் தொங்கும் ஊதாத் தேன்சிட்டை எடுத்துக்கொள். நிழலில் பார்த்தால் வெறும் கருப்பு. "இதில் என்ன இருக்கிறது" என்று திரும்பிவிடுவாய். கொஞ்சம் பொறு! வெயில் சரியான கோணத்தில் விழட்டும். கழுத்தில் மயில் நிறம் தீப்பிடிக்கும்!

அது சாயத்தால் வந்த நிறமில்லை. இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் தெறிப்பதால் மின்னுகிறது. கோணம் தவறினால் கருப்பு. அரை அடி நகர்ந்து நிற்கச் சோம்பல்பட்டுவிட்டுக் குருவியை அசிங்கம் என்றாயே, நியாயமா?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். உனக்குச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்பதற்குள்.

நானும் உன்னைப்போல "இருந்தால்" கட்சிதான். தவணையில் ஒரு லென்ஸ் வாங்கினேன். மூன்று நாள் காட்டுக்குப் போனேன். ஜீப்பில் குலுங்கிக் குலுங்கி ஆயிரத்து நானூறு படம் எடுத்தேன். ஊருக்கு வந்து பார்த்தால், பாதிக்கு மேல் மானின் பின்பக்கம்! மீதி மரக்கிளை.

நமக்கு இது வராது என்று கேமராவைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். எட்டு மாதம் தொடவில்லை. தவணை மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது.

அந்த எட்டு மாதத்தில் என்னிடம் இல்லாமல் போனது திறமையா? லென்ஸா? இரண்டும் பீரோவிலேயே இருந்தன. மறுபடி தோற்றுவிடுவோமோ என்ற பயம், சாவியை என் கையில் தராமல் வைத்திருந்தது!

ஐப்பசி மாதத்துக் காலை. இரவெல்லாம் மழை. அம்மா கொல்லையிலிருந்து கூப்பிட்டாள். "டேய், கிணத்தடியில ஏதோ கலர் குருவி கெடக்குடா. பூனை தூக்கிறப் போவுது!"

ஓடினேன். கோழியை மூடுகிற பஞ்சாரத்தைக் கவிழ்த்து வைத்திருந்தாள். உள்ளே உப்பிக்கொண்டு ஒரு குட்டைவால் பறவை. பச்சை முதுகு. கண்ணில் கருப்புப் பட்டை. இறக்கையில் நீலம். அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு.

ஆறுமணிக்குருவி!

காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூவுவதால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிற பறவை. இரவில் பறந்து வரும். களைத்துப்போய் விடிகாலையில் வீட்டுக் கொல்லைகளிலும் மாடிகளிலும் விழுந்து கிடக்கும்.

யோசித்துப் பார்! நான் தவணை கட்டி, ஜீப் பிடித்து, காட்டில் போய்த் தேடினேன். அது அத்தனை நூறு மைல் பறந்து என் கிணற்றடிக்கு வந்து கிடக்கிறது!

படம் எடுத்தேனா? இல்லை. அன்றைக்கு எடுக்கக்கூடாது. சாகக் கிடக்கிற விருந்தாளியின் முகத்துக்கு நேராகக் கேமராவைத் தூக்குகிறவன் மனுஷனா?

மாலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் குடுகுடுவென்று ஓடி மாமரத்தடிச் சருகுக்குள் மறைந்தது. போய்விட்டது என்று நினைத்தேன். மறுநாள் விடிகாலை ஆறு மணிக்கு இரண்டு சுரத்தில் ஒரு சீட்டி. போகவில்லை! தங்கிவிட்டது!

அன்றுதான் பீரோவைத் திறந்தேன்.

முதல் வாரம் கொல்லைக் கதவைத் திறப்பேன், அது பறந்துவிடும். திறப்பேன், பறந்துவிடும். ஏழு நாளும் ஏழு தோல்வி!

எட்டாம் நாள் அது வருமுன் நான் போய் உட்கார்ந்தேன். அம்மாவின் பழைய சேலையைத் துணி காயப்போடும் கொடியில் தொங்கவிட்டு, அதன் பின்னால் முக்காலி போட்டு ஐந்தே முக்காலுக்கே உட்கார்ந்தேன். வந்தது. இருமினேன். போனது.

கொசு கடித்தது. அடிக்கக் கூடாது. கால் மரத்தது. நீட்டக் கூடாது. ஆறே காலுக்குப் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும், அன்றைய கதை முடிந்தது!

உட்காரப் பழகியதும் அடுத்த தோல்வி தயாராக நின்றது. வெளிச்சமே இல்லை. மாமரத்தடி இருட்டில் ஷட்டர் 1/30-க்கு மேல் ஏறமாட்டேன் என்றது. எடுத்த படமெல்லாம் பச்சையும் நீலமுமாக ஒரு கசங்கல். ஐ.எஸ்.ஓ.வை 3200-க்கு ஏற்றினேன். படம் முழுக்க ரவையைக் கொட்டியதுபோல் புள்ளி. அப்படியும் ஆட்டம் நிற்கவில்லை.

ட்ரைபாட் வாங்கப் பணமில்லை. அரிசிப் பை இருந்தது! ஐந்து கிலோப் பையைச் செங்கல்மேல் வைத்து லென்ஸை அதில் அழுத்தினேன். தரையோடு தரையாகப் படுத்தேன். குருவியின் கண்ணும் என் கண்ணும் ஒரே மட்டத்துக்கு வந்தன. பெரிய ஆட்கள் பெரிய விலைக்கு வாங்குகிற நிலைத்தன்மை எனக்கு ரேஷன் கடையில் கிடைத்தது.

இருபத்து மூன்றாம் நாள். எட்டடித் தூரத்தில் வந்து நின்றது! மண்புழுவைக் கவ்வி இழுத்தது. பொத்தானை அழுத்தினேன். பேட்டரி செத்துப்போயிருந்தது.

சிரிக்கிறாயா? நான் அழுதேன்.

அன்று மறுபடி பீரோ நினைவு வந்தது. உண்மையைச் சொல்கிறேன், சாவியைக் கையில் எடுத்தும்விட்டேன். ஆனால் இந்தத் தடவை என்னிடம் வேறு ஒன்று சேர்ந்திருந்தது. அந்தக் குருவியை எனக்குத் தெரியும்! முதலில் முருங்கைக் கிளையில் நின்று கூவும். பிறகு துவைக்கிற கல்லுக்குப் பின்னால் இறங்கும். அங்கிருந்து சருகை அலகால் புரட்டிப் புரட்டி மாமரத்தடிக்கு வரும். சத்தம் கேட்டால் வாழைப்பக்கம் ஓடும், பறப்பது அப்புறம்தான்.

இருபத்து மூன்று நாள் தோற்றவனுக்குத்தான் இது தெரியும். முதல் நாளே படம் கிடைத்தவனுக்கு எப்படித் தெரியும்?

நாற்பத்தொன்றாம் நாள் படம் விழுந்தது. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, அலகில் ஒரு காய்ந்த மாவிலையோடு, நேராக என்னைப் பார்க்கிறது. வால் நுனி சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. போட்டிக்கு அனுப்பினால் முதல் சுற்றிலேயே தூக்கிப் போடுவார்கள். போகட்டுமே! என் வீட்டு நடையில் மாட்டியிருக்கிறேன்.

இப்போது சொல். உன் கொல்லையில் நாற்பத்தொரு நாள் உட்கார்ந்தாயா நீ?

நாலு நாள்?

"கொல்லை இல்லை, அடுக்குமாடியில் இருக்கிறேன்" என்று சொல்லப்போகிறாய். ஜன்னல் இருக்கிறதா? எதிரே கேபிள் ஒயர் தொங்குகிறதா? அதில் கரிச்சான் உட்காரும். ஏ.சி. பெட்டியின்மேல் புறா இருக்கும். தெருமுனை வேப்பமரப் பொந்தில் புள்ளி ஆந்தை இருக்கும். சாயங்காலம் வெளியே எட்டிப்பார்த்து உன்னை முறைக்கும். சாக்கடையோரம் வாலாட்டி ஓடும். காம்பவுண்டுச் சுவரில் ஓணான் தலையைச் சிவக்கவைத்துக்கொண்டு தண்டால் எடுக்கும். ரத்தம் உறிஞ்சுகிறது என்று சின்ன வயதில் பயந்தோமே, அதுதான். இணை தேடுகிற ஆணின் வேஷம் அந்தச் சிவப்பு! எடு அதை!

"வேலை போய்விட்டது, மனசு சரியில்லை" என்கிறாயா? இதற்கு நான் பதில் சொல்லமாட்டேன். சாலிம் அலி சொல்வார்.

அவர் பட்டப்படிப்பை முடிக்கவில்லை. அந்தக் காகிதம் இல்லாததால் அரசின் விலங்கியல் துறையில் வேலை கிடைக்கவில்லை. பம்பாய் அருங்காட்சியகத்தில் ஒரு வேலையில் இருந்தார். ஜெர்மனிக்குப் போய்ப் பறவையியல் படித்துவிட்டு 1930-இல் திரும்பி வந்தால், நிதி இல்லை என்று அந்த வேலையும் போயிருந்தது!

என்ன செய்தார்? பம்பாய்க்கு எதிர்க்கரையில் கிஹிம் என்ற கடற்கரைக் கிராமம். அங்கே ஒரு வீட்டில் போய்த் தங்கினார். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. உட்கார்ந்து பார்த்தார். நாள்கணக்கில் பார்த்தார்.

தூக்கணாங்குருவி யார் பார்க்காத குருவி? பனை மரமெல்லாம் அதன் கூடுதானே! ஆனால் யாரும் பார்க்காததை அவர் பார்த்தார். ஆண் குருவி கூட்டைப் பாதிதான் கட்டுகிறது. பெண் வந்து சோதிக்கிறது. பிடித்தால் குடியேறுகிறது. அப்புறம்தான் ஆண் மீதியை முடிக்கிறது. முடித்ததும் சும்மா இருக்கிறதா? அடுத்த பெண்ணுக்கு அடுத்த கூடு! 1931-இல் அந்த ஆய்வு அச்சில் வந்தது. இந்தியப் பறவையியலில் சாலிம் அலி என்ற பெயர் ஊன்றி நின்றது.

வேலை போன மனிதர். வீட்டுப் பக்கத்து மரம். எல்லோரும் பார்த்த குருவி.

உன்னிடம் இந்த மூன்றில் எது இல்லை?

"ஊர் சிரிக்கும்." இதையும் சொல்லிவிடு, மனசில் வைத்துக்கொள்ளாதே. "வேலைவெட்டி இல்லாமல் கொக்கைப் பார்த்துக்கிட்டு நிக்கிறான்" என்று டீக்கடையில் பேசுவார்கள். பேசட்டுமே!

இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் என்று இருவர். அண்ணன் ரிச்சர்ட், தம்பி செர்ரி. பறவைக்குத் தெரியாமல் கிட்டே போக அவர்கள் செய்ததைக் கேள். உள்ளே ஆள் நிற்கும்படி ஒரு பொய் மாடு செய்தார்கள்! மாட்டின் வயிற்றுக்குள் நின்றுகொண்டு படம் எடுத்தார்கள். ஊர் சிரிக்காமல் இருந்திருக்குமா? 1895-இல் அவர்களுடைய பறவைக் கூடுகள் நூல் வந்தது. விளக்கப் படங்கள் முழுக்க ஒளிப்படங்களாகவே அமைந்த முதல் இயற்கை நூல் என்று பெயர் வாங்கியது. சிரித்தவன் பெயர் யாருக்காவது தெரியுமா?

எரிக் ஹாஸ்கிங் கதை இன்னும் கொடுமை. 1937-இல் ஆந்தையைப் படம் எடுக்கப் போனவரை அது முகத்தில் அறைந்தது. இடது கண் போனது. கேமராக்காரனுக்குக் கண் போனால் என்ன மிச்சம்? அவர் ஒற்றைக் கண்ணோடு கேமராவிடம் திரும்பிப் போனார். பிறகு பல பத்தாண்டுகள் பறவைகளை எடுத்தார். தன் வரலாற்றுக்கு அவர் வைத்த தலைப்பு, பறவைக்கு ஒரு கண் என்று பொருள்படும்!

உனக்கு இரண்டு கண் இருக்கிறது. இரண்டையும் கைப்பேசிக்குக் கொடுத்திருக்கிறாய்.

இந்த இடத்தில் ஒரு கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். நேரம் வந்தால் குத்து என்று நான் சொன்னதை அவசரம் என்று எடுத்துக்கொள்ளாதே. கண்மாய்க் கரையில் ஒருவன் கல்லெறிந்தான், கொக்குக் கூட்டம் எழும்பியது, படம் எடுத்தான். அது யார் படம்? அந்தக் கல்லின் படம்!

கூட்டைச் சுற்றியிருக்கும் இலையைக் கிள்ளிவிட்டு, தையல்சிட்டின் குஞ்சை வெளிச்சத்தில் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த இலையைத் தைக்க அது எத்தனை முறை அலகைக் குத்தியது தெரியுமா? நீ போனதும் காக்கை வரும். நீ விலக்கிய வழியாகவே வரும். ஒரு படத்துக்கு ஒரு குடும்பம் விலையா?

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிக் கொள்ளுக்குடிப்பட்டி இருக்கிறது. கண்மாயில் பறவைகள் இருப்பதால் அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பல பத்தாண்டுகளாக! குழந்தைகள்கூட! ஒரு ஊரே பண்டிகைச் சத்தத்தை அடக்கிக்கொள்கிறது. உன்னால் கையில் இருக்கும் ஒரு கல்லைக் கீழே போட முடியாதா?

கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிடாதே. எதிரி வந்துவிட்டான் என்று அது பதறி ஓடி வரும். பதற்றத்தைப் படம் எடுத்துவிட்டு அழகு என்று பெயர் வைக்காதே.

தூரமாக நில். நிழலாக இரு. அது உன்னை மறந்து தன் வேலையைப் பார்க்கட்டும். அதுவரை உட்கார முடியாவிட்டால் ஜீப் ஏறிக் காட்டுக்குப் போயும் பயனில்லை. மானின் பின்பக்கம்தான்! அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடு. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில். ஒரு மடை, ஒரு வேம்பு, ஒரு பாழடைந்த மனை, எதுவானாலும் சரி. ஒரு வருஷம் அதை விட்டு நகராதே. காலையில் இருபது நிமிஷம் போதும். உனக்கு இருபது நிமிஷம் இல்லையா? நேற்று இரவு எத்தனை இருபது நிமிஷத்தைப் படுக்கையில் விரலால் தள்ளினாய்?

நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கு. தேதி போடு. வந்தது யார், எத்தனை மணிக்கு, எந்தக் கிளையில்? எழுது! ஒன்றும் வராவிட்டால் "ஒன்றும் வரவில்லை" என்று எழுது. அதுவும் கணக்குதான். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுக்கிறார்கள். உன் மரத்துக் கணக்கையும் கொண்டுபோய்ச் சேர்.

பங்குனியில் குயில் தொண்டையைத் திறக்கும். மழை தொடங்கினால் தூக்கணாங்குருவி நார் கிழிக்கும். புரட்டாசியில் வாலாட்டிகள் வரும். ஐப்பசியில் யார் வருவார் என்பதை மேலேயே சொல்லிவிட்டேன்.

தோற்ற படங்களை அழித்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார். இது ஏன் ஆடியது? இதில் கண் ஏன் மங்கியது? இதில் கிளை ஏன் தலைக்குமேல் கொம்பாக முளைத்திருக்கிறது? கேள்! குப்பை என்று நீ தள்ளியதில்தான் உன் பாடம் முழுக்கக் கிடக்கிறது. என்னிடம் அந்த நாற்பது நாள் படங்களும் இன்னும் இருக்கின்றன. ஆறுமணிக்குருவி மாட்டியிருக்கும் நடையில், எதிர்ச் சுவரில், ஒரு கசங்கலையும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் அது என்ன என்று கேட்பார்கள். பன்னிரண்டாம் நாள் என்பேன்.

இன்று இரவு பேட்டரியைச் சார்ஜில் போடு. மறக்காதே, நான் பட்டது போதும்! அலாரத்தை ஐந்தரைக்கு வை. அரிசிப் பையைக் கதவோரம் எடுத்து வை. கீல் கிறீச்சிடும், இரண்டு சொட்டு எண்ணெய் விடு.

ஐந்தே முக்காலுக்கு வெளியே வா. உட்கார். பக்கத்து வீட்டில் இன்னும் குக்கர் ஏற்றவில்லை. மதிலில் ஏதோ கருப்பாக அசைகிறது, பார்.

காக்கைதான். எடு!